முட்டி வலிக்கு மூணு விதமா ஊசி சொல்றாங்க, எதைப் போட்டுக்கிறது?

மேலூர் இட்லிக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 57 வயசு. மேலூர்ல சாயங்கால இட்லிக்கடை வச்சிருக்கேன். மாவு கிரைண்டர்ல ஆட்டிக்கிறேன், அது பிரச்சினை இல்ல. அடுப்புதான் தரையோட தரையா இருக்கு. பலகையில உக்காந்து ஊத்தணும், ஒவ்வொரு ஈடு இறக்கவும் எந்திரிக்கணும். அப்படி எந்திரிக்கும்போது வலது முட்டியில 'கடக்'குன்னு ஒரு சத்தம், உசுரு போய் உசுரு வரும். படி இறங்குறதுன்னா இன்னும் மோசம். ஏறுறது கூடப் பரவாயில்ல.

இம்புட்டு நாளும் மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டிட்டிருந்தேன். பிபி பார்க்கப் போன இடத்துல டாக்டரம்மா பிடிச்சுத் திட்டுனாங்க, சுகரும் பிபியும் வச்சுக்கிட்டு தினம் இதை முழுங்குனா கிட்னி என்னத்துக்கு ஆகும்னு. சரின்னு எலும்பு டாக்டர்கிட்ட போனேன். நிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. முட்டியோட உள்பக்கம் இடைவெளி குறைஞ்சு போச்சு, தேய்மானம் கிரேடு 3ன்னு எழுதியிருக்கு.

அங்கதான் குழப்பம் ஆரம்பிச்சுச்சு. அவர் ஸ்டீராய்டு ஊசி போடலாம், சில நூறு ரூபாயில முடிஞ்சிடும்னார். மதுரையில வேற ஒரு ஆஸ்பத்திரியில கேட்டா, ஸ்டீராய்டு வேண்டாம், ஜெல் ஊசி ஒண்ணே ஒண்ணு போட்டா போதும், 22,000 ஆகும்ங்கிறாங்க. பெங்களூர்ல இருக்கிற என் மகன் அதெல்லாம் பழசு, பிஆர்பின்னு நம்ம ரத்தத்தையே எடுத்துப் போடுறாங்க, பக்கவிளைவே கிடையாதுன்னு ஃபோன்ல ஒரே சத்தம். அது தடவைக்கு 9,000, மூணு தடவை போடணுமாம்.

மூணு மாச சராசரி சுகர் (எச்பிஏ1சி) 8.4 இருக்கு. எடை 76. முட்டியில அப்பப்ப நீர் கோத்து வீங்கும், ரெண்டு நாள்ல வடியும். காய்ச்சல் எதுவும் இல்ல.

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை தல்லாகுளத்துல தங்கச்சி வீட்டுல தங்கி, அழகரை எதிர்கொண்டு கூப்பிடுற எதிர்சேவை பார்க்கிறது எனக்கு வருசா வருசம் உண்டு. போன வருசம் அவ வீட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டேன், கூட்டத்துக்குள்ள போக முடியல. இந்த வருசம் நின்னு பார்க்கணும். இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு. ஊசி போட்டவங்க, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஸ்டீராய்டு போட்டா எலும்பு உருகிடும்னு பக்கத்துக் கடைக்காரம்மா வேற பயமுறுத்துது.


ரிட்டயர்டு கண்டக்டர்:

தங்கச்சி, நான் திண்டுக்கல் பக்கம். வேலை பார்த்த காலம் பூரா பஸ்ல நின்ன கால் இது. ரெண்டு ஊசியும் போட்டுப் பார்த்தவன்ங்கிற முறையில சொல்றேன்.

ஸ்டீராய்டு போட்ட மறுநாளே தெரிஞ்சுது. காலை மடக்கி நீட்ட சுகமா இருந்துச்சு, கொஞ்ச நாளைக்கு முட்டி ஒண்ணு இருக்கிறதே மறந்துபோச்சு. அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பிடுச்சு. திரும்பப் போட்டப்ப அந்த அளவுக்குக் கேக்கல. அப்பதான் ஜெல் ஊசிக்குப் போனேன். அது போட்ட ரெண்டாம் நாள் முட்டி பலாப்பழம் மாதிரி வீங்கி, தொட்டா சுடுது. பயந்துபோய் ஓடுனேன். நீர் உறிஞ்சி டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க, கிருமி எதுவும் இல்லன்னு வந்துச்சு. அந்த மருந்துக்குச் சில பேருக்கு உடம்பு இப்படிக் கோவிச்சுக்கும்னு சொல்லி ஐஸ் வைக்கச் சொன்னாங்க. ஒரு வாரத்துல வடிஞ்சுது. வலி என்னவோ பழைய வலிதான்.

கடைசியில மூட்டு மாத்துனேன். 2017 ஆகஸ்டுல மத்திய அரசு உள்ள வைக்கிற மூட்டுக்கு விலை உச்சவரம்பு கொண்டு வந்துச்சு ஞாபகம் இருக்கா, சாதாரணமா வைக்கிறது 54,720 ரூபாய், வரி தனின்னு. அதுக்கப்புறம்தான் எங்க வீட்டுல தைரியமா பேச்சே எடுத்தாங்க. உங்களுக்கு அந்த நெலமை இன்னும் வரலன்னு நெனைக்கிறேன், 57 சின்ன வயசு. ஆனா ஒண்ணு, அந்த ஜெல் அட்டையில சேவல் கொண்டையில இருந்து எடுத்ததுன்னு என் மருமக படிச்சுச் சொன்னா. சுத்த சைவம்னா கேட்டுட்டுப் போடுங்க.


எலும்பு டாக்டர் (ஓய்வு):

அம்மா, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. எக்ஸ்ரே நின்ற நிலையில் எடுத்தது, நீர் கோத்து வடிகிறது, காய்ச்சல் இல்லை, சர்க்கரை 8.4. இத்தனையும் சொல்லிவிட்டு யாரும் ஊசி பற்றிக் கேட்பதில்லை, பாராட்டுகள்.

முதலில் ஸ்டீராய்டு. முழங்காலில் பொதுவாகப் போடுவது ட்ரையாம்சினலோன் அல்லது மெத்தில்பிரெட்னிசலோன், 40 மில்லிகிராம் அளவில். மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வு அழற்சியால் வீங்கி நீர் சுரக்கிறதே, அதை அடக்குவதுதான் அதன் வேலை. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்குக் கொடுத்திருக்கும் காலம் 2 முதல் 10 வாரம், அதுவும் மற்ற சிகிச்சை ஒத்துவராதபோது அல்லது உடற்பயிற்சிக்குத் துணையாக. கண்டக்டர் ஐயா சொன்னதும் அதே கதைதான். உங்களைப் போல வீங்கி நீர் கோக்கும் முட்டிக்கு இதைப் போட்டுப் பார்க்க நியாயம் உண்டு.

எலும்பு உருகும் என்பது மிகை. ஆனால் பக்கத்துக் கடை அம்மா முழுக்கப் பொய்யும் சொல்லவில்லை. அமெரிக்காவில் 140 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2017ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு 12 வாரத்துக்கு ஒரு முறை ட்ரையாம்சினலோன், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர், இரண்டு ஆண்டுகள். முடிவில் ஸ்டீராய்டு போட்டவர்களின் குருத்தெலும்பு சராசரியாக 0.21 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது, உப்புநீர்க்காரர்களுக்கு 0.10. வலியிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து போட்டுக்கொள்ளுங்கள்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு முறை, ஒரு காரணத்துக்காகப் போடுவது வேறு.

சர்க்கரைதான் உங்கள் விஷயத்தில் பெரியது. முட்டியில் போட்டாலும் மருந்தில் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போகும். அன்றைக்கே ஏற ஆரம்பித்து சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை சர்க்கரை தாறுமாறாக இருக்கும். 8.4 என்பதால் ஊசியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் சுகர் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, மாத்திரை அளவைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொண்டு போடுங்கள். நோய்த்தொற்று பயமும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஜெல் என்பது ஹயலூரானிக் அமிலம். மூட்டுத் திரவத்தில் இயற்கையாகவே இருக்கும் வழுவழுப்பான பொருள். தேய்மானத்தில் அது நீர்த்துப்போகிறது, வெளியிலிருந்து ஊற்றினால் சரியாகும் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் நிறையப் பேருக்குப் போட்டிருக்கிறேன், சிலர் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். ஆனால் 2022ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வில், பெரிய ஆய்வுகளை மட்டும் சேர்த்துப் பார்த்தபோது ஜெல்லுக்கும் மருந்தில்லாத பொய் ஊசிக்கும் இருந்த வித்தியாசம், வலியைக் குறிக்கும் 100 மில்லிமீட்டர் அளவுகோலில் 2 மில்லிமீட்டர். அந்த அளவு மாற்றத்தை நோயாளியால் உணரக்கூட முடியாது. நைஸ் வழிகாட்டி இதைக் கொடுக்கவே வேண்டாம் என்கிறது. 22,000 ரூபாய்க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிஆர்பி. உங்கள் கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் பகுதியை மட்டும் முட்டியில் போடுவார்கள். இதில் சிக்கல், ஒரு கிளினிக்கில் கிடைப்பது இன்னொன்றில் கிடைப்பதில்லை. எத்தனை மடங்கு செறிவு, வெள்ளணு நீக்கியதா இல்லையா என்று ஆளுக்கொரு முறை. அதனால் ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கம் 2021ல் வலி குறையலாம் என்று அரைமனதாக எழுதியது. அதே நாட்டின் வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு 2019ல் போட வேண்டாம் என்று கறாராக எழுதியது. ஆஸ்திரேலியாவில் உங்களைப் போல கிரேடு 2, 3 உள்ள 288 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021ல் வந்தது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஓராண்டு கழித்து 10க்கு அளந்த வலி பிஆர்பி போட்டவர்களுக்கு 2.1 குறைந்தது, உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8 குறைந்தது. குருத்தெலும்பிலும் வித்தியாசமில்லை.

அந்த 1.8ஐக் கவனியுங்கள். வெறும் உப்புநீர்! 'எனக்குப் போட்டேன், பிரமாதம்' என்று உங்கள் மகனுடைய நண்பர் யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஊசி என்றாலே கொஞ்சம் வலி குறையும். மோசமாக இருக்கும் சமயத்தில்தான் ஊசிக்கே போகிறோம், அதனால் தானாகக் குறைவதும் ஊசிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

என் யோசனை இதுதான். இப்போது ஊசியே வேண்டாம். முதல் ஒரு மாதம் சர்க்கரையைக் கீழே கொண்டு வாருங்கள், பிசியோவிடம் போய்த் தொடைத் தசைக்குப் பயிற்சி எடுங்கள். வலி மாத்திரையை நிறுத்திவிட்டு மேலே தடவும் டைக்ளோஃபெனாக்கைப் பயன்படுத்துங்கள், கிட்னிக்குப் போகும் அளவு மிகக் குறைவு. திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பு முட்டி இன்னும் வீங்கி மக்கர் செய்தால், சர்க்கரையும் ஒத்துழைத்தால், ஒரே ஒரு ஸ்டீராய்டு. சர்க்கரை ஏறி இறங்கவும் அவகாசம் இருக்கும், வலி குறைந்த நாட்கள் திருவிழாவையும் தாண்டி ஓடும்.

ஜெல்லுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து அடுப்புக்கு இடுப்பு உயரத்தில் மேடை கட்டுங்கள். ஒரு மாலைக்கு எத்தனை ஈடு இறக்குவீர்கள்? அத்தனை முறையும் முழுக்க மடங்கிய முட்டியில் 76 கிலோவைத் தூக்குகிறீர்கள். எந்த ஊசியும் அதற்கு ஈடு கொடுக்காது. எடையும் அப்படித்தான், 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறையும்.


புதுவாழ்வு மூட்டு:

எல்லாரும் பழைய வைத்தியத்தையே பேசுறீங்க. இப்ப ஸ்டெம் செல் ஊசி வந்துடுச்சு, குருத்தெலும்பு புதுசா வளரும், ஆபரேஷனே தேவையில்லை. எனக்குத் தெரிஞ்ச இடத்துல சலுகை விலையில பண்ணித் தர்றாங்க. வேணும்னா தனிச்செய்தி அனுப்புங்க.


எலும்பு டாக்டர் (ஓய்வு):

அம்மா, தனிச்செய்தி அனுப்பாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டியில் ஸ்டெம் செல்லுக்கு அனுமதி சில ரத்த நோய்களுக்கு மட்டும். மற்றவை ஆராய்ச்சியாக, பதிவு செய்த ஆய்வில் மட்டுமே செய்யலாம் என்றிருந்தது. 2022ல் முட்டித் தேய்மானத்துக்கு ஒரு தயாரிப்புக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அனுமதி கொடுத்தார். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்காகக் காசு வாங்கக் கூடாது. சலுகை விலை என்ற பேச்சே அங்கே வரக்கூடாது.


பிசியோ பொண்ணு:

அக்கா, டாக்டர் சார் சொன்னதுல பயிற்சிப் பக்கம் மட்டும் நான் சேர்த்துக்கறேன். ஸ்டீராய்டு ஊசியா பிசியோதெரபியான்னே நேருக்கு நேர் வச்சுப் பார்த்த ஆய்வு ஒண்ணு இருக்கு, அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகள்ல 156 பேரை வச்சுப் பண்ணினது, 2020ல வந்துச்சு. ஒரு வருசம் கழிச்சு வலியையும் நடமாட்டத்தையும் சேர்த்து மார்க் போட்டாங்க, கம்மியா வந்தா நல்லது. பிசியோ எடுத்தவங்களுக்கு 37, ஊசி போட்டவங்களுக்கு 55.8. எங்க தொழிலுக்கு விளம்பரம் மாதிரி தெரியும், இருந்தாலும் உண்மை.

கடையிலயே செய்யலாம். முதுகு சாஞ்சு நாற்காலியில உக்காருங்க, வலது காலை முன்னால நேரா நீட்டி, பாதத்தை உங்க பக்கமா இழுத்து, தொடை இறுகுதான்னு கை வச்சுப் பாருங்க. அஞ்சு எண்ணுற வரைக்கும் வச்சிருந்துட்டு மெதுவா இறக்குங்க. பத்துத் தடவை, ரெண்டு காலுக்கும். தொபுக்குன்னு காலைப் போடாதீங்க, இறக்குறதுலதான் தசைக்கு வேலை. அப்புறம் கொஞ்சம் உயரமான நாற்காலியில இருந்து கை ஊன்றாம எந்திரிச்சு உக்காருங்க. முட்டி வலிச்சா நாற்காலி மேல ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கோங்க, தலையணை இல்லாம முடியற அன்னைக்கு எடுத்துடலாம். செய்யும்போது லேசா வலிக்கலாம். மறுநாளும் வலி ஏறியே இருந்தா எண்ணிக்கையைக் குறைங்க, நிறுத்தாதீங்க.

எதிர்சேவைக் கூட்டத்துக்குப் போகும்போது குச்சி ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. வலிக்கிறது வலது முட்டின்னா குச்சி இடது கையில இருக்கணும். பாதிப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறாங்க.


மேலூர் இட்லிக்கடை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கண்டக்டர் அண்ணே, நான் சைவம் எல்லாம் இல்ல, ஆனா சித்திரை முடியற வரைக்கும் வீட்டுல கவிச்சி கிடையாது. அதுக்குள்ள சேவல் கொண்டையை முட்டியில ஏத்திக்கிட்டு அழகரைப் பார்க்கப் போகணுமான்னு நெனச்சேன், சிரிப்பு வந்துருச்சு.

கொத்தனார்கிட்ட கேட்டுட்டேன். கடப்பாக்கல் போட்டு மேடை கட்ட, சிலிண்டர் மாத்தி வைக்க எல்லாம் சேர்த்து ஜெல் ஊசிக் காசுல பாதி கூட ஆகாதுங்கிறார். நின்னுக்கிட்டே ஊத்துனா கால் வலிக்காதான்னு ஒரு யோசனை. மகன்கிட்ட இந்தப் பக்கத்தை அனுப்பி வச்சேன். அந்த 288 பேர் கணக்கைப் படிச்சுட்டு சத்தத்தைக் காணோம்.

டாக்டர் ஐயா, ரெண்டு சந்தேகம். ஸ்டீராய்டு போட்டுட்டா, பின்னால மூட்டு மாத்துறதுக்கு அது தடையா இருக்குமா? போட்ட அன்னைக்கே மதுரையில இருந்து பஸ்ல வரலாமா?


எலும்பு டாக்டர் (ஓய்வு):

நின்றே ஊற்றவேண்டாம். மேடை உயரத்துக்கு ஏற்ற உயரமான ஸ்டூல் ஒன்று போட்டு, பாதி உட்கார்ந்த மாதிரி இருங்கள். ஈடு இறக்கும்போது மட்டும் நின்றால் போதும். முட்டி 90 டிகிரிக்கு மேல் மடங்காத உயரம் என்று கொத்தனாரிடம் சொல்லாதீர்கள், அவருக்குப் புரியாது. ஸ்டூலில் உட்கார்ந்தால் இடுப்பு முட்டியை விட உயர்ந்து இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அறுவைக்கு ஊசி தடையில்லை, இடைவெளிதான் முக்கியம். ஊசிக்கும் மூட்டு மாற்றுக்கும் நடுவில் குறைந்தது 3 மாதம் வேண்டும். அதற்குள் செய்தால் புது மூட்டில் கிருமி தொற்றும் வாய்ப்பு கூடுகிறது. எந்த ஊசியானாலும் இதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், ஜெல்லுக்கும் சேர்த்து.

பஸ்ஸில் வரலாம், உட்கார இடம் கிடைக்கும் வண்டியாகப் பாருங்கள். அன்றும் மறுநாளும் கடைக்கு லீவு விடுங்கள். முதல் நாள் இரவு கொஞ்சம் வலி கூடினால் ஐஸ் வையுங்கள், அது தானாக அடங்கும். அடங்காமல் நாளுக்கு நாள் ஏறி, முட்டி சிவந்து சூடாகி, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ காய்ச்சல் வந்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே ஊசி போட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது தூரம் என்றால் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு. ஊசி போட்ட தேதியையும் மருந்து பெயரையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் அங்கே இருப்பவர்களுக்கு வேலை சுலபம்.